கற்றாழைப் பாணி

கோயிலில் மகள் நற்கருணை வாங்கும் முதல் நன்மைக்கு முந்திய வாரம் என் கணவர் குடியை விட்டார். மாதாவுக்கு நேர்ந்துவிட்டு வந்தவர், பிறகு ஒரு துளி தொடவில்லை. நீரிழிவு என்கிற சீனி வருத்தம் அப்போதே இருந்தது.

அவருக்கு வேலை சென்ட் லோரன்ட்டில் ஒரு தொழிற்சாலையில். மெக்சிகோவிலிருந்து பீப்பாய்களில் வரும் கற்றாழைப் பாணி என்ற இனிப்புப் பாகைப் போத்தல்களில் அடைப்பார்கள். அதை எப்படி எடுப்பது என்று கூட வேலைசெய்த மெக்சிகோக்காரர் சொல்லியிருந்தார். வருடக்கணக்காக வளர்ந்த அகாவே கற்றாழையின் மடல்களைச் சீவி எறிந்துவிட்டு, பெரிய அன்னாசி போன்ற நடுப்பகுதியை மட்டும் எடுத்து அவித்து நசுக்குவார்களாம். சாற்றைப் புளிக்கவிட்டு வடித்தால் டெக்கீலா. புளிக்கவிடாமல் காய்ச்சி வற்றவைத்தால் பாணி.

"கள்ளும் புளிக்காத கருப்பநீரும் மாதிரித்தானப்பா. வெறிக்கிறதை விட்டுட்டன். இது மருந்து," என்றார் இவர் என்னிடம்.

இரத்தத்தில் சீனியை மெல்லத்தான் ஏற்றும் என்று போத்தலிலும் எழுதியிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து தேத்தண்ணிக்கு ஊற்றினார், புட்டுக்கு ஊற்றினார். மெல்ல ஏறினாலும் ஏறும்தானே என்று நான் கத்தினால், "நான் பழையபடி குடிச்சால்தான் உமக்குச் சந்தோசமோ?" என்பார். பூசை முடிந்து கோயில் வாசலில் காண்கிறவர்களிடமும் இவருக்குப் பாணிக் கதைதான். "சீனியை விடுங்கோ, இதை வாங்குங்கோ."

முதலில் கால்விரலில் ஒரு புண். அது ஆறவே இல்லை. பிறகு பாதத்தையே எடுத்தார்கள். அந்தப் பாணியும் சீனிதான் என்று வைத்தியர் பிரெஞ்சில் சொன்னதை, மகள் அழுதழுது தமிழில் சொன்னாள்.

வருத்தக்காரரைப் பார்க்க எங்கள் ஆட்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். இவருக்குச் சீனி என்பதால், வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் இவர் சொன்ன அதே பாணியோடு வந்தார்கள். மேசை நிறையப் போத்தல்கள். எல்லாவற்றையும் தூக்கிச் சுவரில் அடிக்கவேண்டும் போல எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு நாள் கோயிலில் பழக்கமான அக்கா ஒருவர் வந்தார். அவருக்கும் சீனி. "தம்பி, நீங்கள் சொன்ன நாளிலயிருந்து நானும் இதுதான். கால் மட்டும் கொஞ்சம் விறைக்குது."

நான் கணவரின் முகத்தையே பார்த்தேன். இப்போதாவது உண்மையைச் சொல்லுங்கள் என்று கண்ணைக் காட்டினேன். போர்வைக்கு மேலால், பாதம் இல்லாத இடத்தைத் தடவிக்கொண்டு, "ஓமக்கா, நல்ல சாமான்," என்றார்.

"ஐயோ அக்கா, வேண்டாம். இவருக்குக் கால் போனதே..." என்று தொடங்கினேன்.

"இவ இப்பிடித்தான் அக்கா, எல்லாத்துக்கும் பயம்," என்று சிரித்தார்.

அக்காவும் சிரித்தார். பிறகு தானே எழும்பிப்போய், தன் தேத்தண்ணிக்கு மேசையிலிருந்த பாணிப் போத்தல் ஒன்றைத் திறந்தார்.