பேய்க் கதைக்குள் வந்த விண்ணப்பம்

வாடகை நூல் நிலையம் நடத்துகிறவருக்கு, எழுத்தாளர் எழுதியதைவிட வாசகர் கிறுக்கியதைப் படிப்பதிலேயே பாதி நாள் போய்விடும். அழிரப்பர் பிடித்து விரல் காய்த்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. என் கடை கம்பத்தில், பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்தது. தொண்ணூறுகளின் கடைசி அது. மாத நாவல்களை மூன்று மூன்றாகச் சேர்த்துத் தைத்துக் கெட்டி அட்டை போடுவேன். முதல் நாவலின் படத்தை அட்டைமேல் ஒட்டுவேன்.

பேய் மட்டும் போதும்

சுருளிப்பட்டி முருகேசன் வியாழன்தோறும் வருவார். திராட்சைப் பெட்டிகளைக் கமிஷன் கடையில் இறக்கிவிட்டு, மனைவி தனலட்சுமிக்குப் புத்தகம் எடுத்துப் போவார். அவளை நான் பார்த்ததில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியதும் திருமணம் செய்துவைத்துவிட்டார்கள் என்று ஒருமுறை சொல்லியிருந்தார். எந்த நாவலை நீட்டினாலும் வேண்டாமென்பார். மண்டையோடு, பாழடைந்த பங்களா, பூட்டிய அறைக்குள் கூந்தலை விரித்துப்போட்ட பெண், இவற்றில் ஒன்றாவது அட்டையில் இருந்தாக வேண்டும். ஒருநாள் காரணம் கேட்டேன்.

“எல்லாம் எங்க அப்பாதான்க்கா. புத்தகத்தத் தலைகீழா உதறி, லெட்டரு கிட்டரு விழுதான்னு பாத்துட்டுத்தான் உள்ள விடுவாக. பேய்க் கதைன்னா மட்டும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாக. படிச்சா பயந்துக்கிட்டு வீட்டுக்குள்ளயே கிடப்பான்னு நெனைக்கிறாக!”

முதல் பக்கத்தில் கொலைகாரன்

படித்த புத்தகத்தை மறுபடி எடுத்துவிடாமலிருக்க, உறுப்பினர்கள் ஆளுக்கொரு பக்கத்தில் பென்சிலால் அடையாளம் வைப்பார்கள். ஒருவர் நட்சத்திரம், ஒருவர் மீன், ஒருவர் தன் பெயரின் முதலெழுத்து. அதை நான் கண்டுகொள்வதில்லை. ஆனால் துப்பறியும் நாவல்களின் முதல் பக்கத்தில் யாரோ கொலைகாரனின் பெயரையே எழுதத் தொடங்கினார்கள். உறுப்பினர்கள் கொதித்துப்போனார்கள். அப்படிக் கெட்ட ஆறு புத்தகங்களை எடுத்துவைத்து, அவற்றை வாங்கிப் போனவர்களின் பெயர்களை ஒப்பிட்டேன். ஆறிலும் இருந்த பெயர் ஒன்றே ஒன்று. தாலுகா அலுவலகத்தில் ஓய்வுபெற்ற எழுத்தர். மிகவும் கண்ணியமான மனிதர்.

நேரில் கேட்டபோது அவர் மறுக்கவில்லை. “எனக்கு பி.பி. இருக்கும்மா. கொன்னது யாருன்னு கடைசியில பாத்து முன்னாடி எழுதி வச்சுக்கிட்டாத்தான் நிம்மதியாப் படிக்க முடியுது. என்னைய மாதிரி ஆளுகளுக்கும் உதவுமேன்னு விட்டுட்டேன்.”

அழிபடாத வட்டம்

அன்றிலிருந்து, திரும்பிவரும் எந்தப் புத்தகத்தையும் அழித்துத் துடைக்காமல் அலமாரியில் வைப்பதில்லை என்று முடிவெடுத்தேன். சுருளிப்பட்டியிலிருந்து வந்த பேய்க் கதைகளில் சில சொற்களைச் சுற்றிப் பென்சில் வட்டங்கள் இருந்தன. குழந்தையின் விளையாட்டென்று எண்ணி, இரண்டு வாரமும் படிக்காமலே அழித்தேன். மூன்றாம் வாரம் வட்டங்கள் பேனாவில் வந்தன. ரப்பர் தோற்ற பிறகுதான் படித்துப் பார்த்தேன்.

பேய் இறங்கிவரும் பத்தாவது படியில் ‘பத்தாவது’ என்ற சொல்லுக்கு வட்டம். ஜமீன்தார் உயில் எழுதும் இடத்தில் ‘எழுத’. பிறகு ‘வேண்டும்’, ‘எங்கே’, ‘எப்போது’, கடைசியாக ‘அக்கா’. தாள் வைத்தால் மாமனார் உதறும்போது விழுந்துவிடும், வட்டம் விழாது. இரண்டு வாரம் ஒரு பெண் கேட்ட கேள்வியை நான் என் கையாலேயே அழித்திருக்கிறேன். வியாழனன்று முருகேசனிடம், படித்துவிட்டு அவள் ஏதாவது சொன்னாளா என்று மட்டும் விசாரித்தேன்.

“ரெண்டு வாரமா மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்காக்கா. ‘அந்தக் கடையில படிக்கத் தெரிஞ்ச ஆளு இல்லையா?’ன்னு கேக்குறா!”

அட்டைக்குப் பின்னால்

என்னிடம் ஒரு பழைய நாவல் இருந்தது. பெண்கள் எழுதுவதே அதிசயமாயிருந்த காலத்தில் ஒரு பெண்மணி எழுதியது. கதாநாயகி விளக்கணைத்த அடுக்களையில் ஒளிந்திருந்து எழுத்துக் கற்றுக்கொள்வாள். பேய்க் கதை பெண்ணை அறையில் பூட்டி வைக்கும். துப்பறியும் கதை சாவி யாரிடம் என்று தேடும். இந்த நாவலோ, பூட்டு எதற்கு என்று கேட்டது. மண்டையோட்டு அட்டையும் அரைப் பேய்க் கதையும் முன்னால் வர, இதைப் பின்னால் சேர்த்துத் தைத்தேன். ‘விண்ணப்பம்’, ‘என்னிடம்’, ‘படம்’, ‘இரண்டு’, ‘அனுப்பு’ என்று வட்டமிட்டேன். அந்தக் காலத்து நாயகிகள் கடவுளிடம் விண்ணப்பித்துக்கொண்டே இருந்ததால் முதற்சொல் எளிதில் கிடைத்தது. தேனிக்குப் போய், தனித்தேர்வர் விண்ணப்பப் படிவத்தையும் வாங்கி வந்து வைத்தேன்.

அடுத்த வியாழன் முருகேசன் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு நகராமல் நின்றார். “பின்னாடி இருக்குற கதையில பேயே வரலையேக்கா” என்றார். இனி அந்த வீட்டுக்குள் புத்தகமே போகாது, அவளுடைய தேர்வும் அத்தோடு போயிற்று என்று நினைத்தேன். திராட்சைப் பந்தலடியில் உட்கார்ந்து எல்லாப் புத்தகங்களையும் அவரும் படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“படம் ரெண்டுன்னு போட்டிருந்தீக. கலரா, கறுப்பு வெள்ளையாக்கா?”

கணக்கு

அவள் கையெழுத்திட்ட படிவம் முருகேசனின் சட்டைக்குள் மடிந்து வந்து சேர்ந்தது. தேர்வுக்கு முதல் நாள் அவரே தந்தையிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, மறுநாள் மனைவியை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு கம்பத்திலிருந்த தேர்வு மையத்துக்குப் போனார். பெரியவர் நான்கு நாள் மகனோடு பேசவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

முடிவு வந்த வாரம், நான் நேரில் பார்த்திராத ஓர் இளம்பெண் தனியாகப் படியேறி வந்தாள். அலமாரிகளை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, கேளாமலே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். படிவத்தில் ஒட்டிய படத்து முகம்தான் இது என்று புரிய எனக்குச் சற்று நேரமாயிற்று. செய்தித்தாளில் அவள் எண் இல்லாததைப் பார்த்திருந்ததால், ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைச் சொல்ல விடவில்லை.

“கணக்கு மறுபடியும் போச்சுக்கா, மூணு மார்க்குல. ‘ஆச்சுல்ல, இனி வீட்டப் பாரு’ன்னு மாமனாரு சொன்னாக. சரின்னு சொல்லிட்டு பஸ் ஏறி வந்துட்டேன். செப்டம்பர்ல இன்னொரு பரீட்சை இருக்குல்ல? ஃபாரத்தக் குடுங்க, இங்கனயே எழுதிக் குடுத்துட்டுப் போறேன்.”

வாடகை நூல் நிலையத்தில் கடைக்காரர் அறிவாளியாகத் தோன்றுவதெல்லாம், வாசகர் நேரில் வந்து உட்காரும்வரைதான்.