பெயிண்டைச் சுரண்டிப் பார்த்த நானா

பிரிஞ்சாங் டவுன் மிஷின் கடை நானா இன்று காலை தவறிவிட்டார். அவர் மகன் போன் பண்ணிச் சொன்னான்.

கேமரன் மலை எஸ்டேட்களில் இருந்தவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. மருந்தடிக்கும் பம்ப், புல் வெட்டும் மிஷின், செயின்சா, எது மக்கர் பண்ணினாலும் அவர் கடைதான். தமிழ் முஸ்லிம்; அண்ணன் என்கிற மாதிரி எல்லோருக்கும் நானா. பயந்த மனுஷன். ஒரு ஸ்குரூ விற்றால்கூட "இதுதானா? சரியா பாத்துக்கங்க" என்று திரும்பத் திரும்பக் கேட்பார்.

என் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் மரம் வெட்டுகிறவர். பழைய வெள்ளைக்காரத் துரை எழுபதுகளில் ஊருக்குப் போகும்போது தன் சொந்த செயின்சாவை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வாய் வார்த்தைதான். சீட்டு கீட்டு ஒன்றும் கிடையாது.

இவருக்கு அது உயிர். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அதற்குப் புதுப் பெயிண்ட். சிவப்போ நீலமோ, கையில் எந்த டின் கிடைக்கிறதோ அது. அதற்கு மேல் சந்தனம், குங்குமம், மாலை... எனக்குத் தீபாவளிச் சேலைகூட இவ்வளவு பார்த்துப் பார்த்து எடுத்ததில்லை.

பெயிண்ட் வழவழவென்று வர வேண்டுமாம். அதற்காக நம்பர் தகட்டைக் கழற்றி எங்கேயோ போட்டுவிட்டார். எங்கே என்று அவருக்கே தெரியாது.

எண்பதுகளின் நடுவில் வந்தது வினை. எஸ்டேட் ஸ்டோரில் இருந்த செயின்சா காணாமல் போனது. அதற்கு முந்தின வருஷம்தான் வாங்கியது. அதே கம்பெனி, பார்வைக்கு இதுவும் அதுவும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இவர் அந்த வருஷம் அடித்திருந்தது பச்சை. எஸ்டேட் லாரிக்கு அடித்து மிச்சமான அதே பச்சை. எஸ்டேட் மிஷின் என்று எழுதி ஒட்டியதுபோல!

புது மேனேஜர் எங்களை ஆபீஸுக்குக் கூப்பிட்டு, மிஷினை மேஜைமேல் வைக்கச் சொன்னார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "நம்பர் மானா?" என்றார். நம்பர் எங்கே என்று மலாயில் கேட்கிறார்.

"பூசைக்காகக் கழட்டிட்டேன் தொரை" என்றார் இவர். எந்தத் திருடனாவது இப்படி ஒரு பதில் சொல்வானா?

திருட்டு என்று முடிவானால் வேலை போகும். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். சின்னவள் அப்போது கைக்குழந்தை...

மிஷின் பழசா புதுசா, என்ன விலை பெறும் என்று பார்த்துச் சொல்ல நானாவைக் கூப்பிட்டனுப்பினார்கள்.

வந்தார். வருஷா வருஷம் பூஜைக்குப் பெயிண்ட் அடிப்பதை இவர் அவரிடமும் சொன்னார். கவரைக் கழற்றினார், மோந்து பார்த்தார், கயிற்றை இழுத்துச் சத்தம் கேட்டார். உள்ளே பாதி உறுப்பு அவர் கடையில் வாங்கி நாங்கள் மாற்றியதுதான். அதனால் உள்ளே எல்லாம் புதுசு மாதிரி, வெளியே ஒரே பச்சை. நான் வாசலில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பழசு மாதிரிதான் இருக்கு தொரை... ஆனா அடிச்சுச் சொல்ல முடியாதுலா." அவ்வளவுதான் சொன்னார். என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. கிளம்பிப் போய்விட்டார்.

அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எஸ்டேட் ஆர்டர் கைவிட்டுப் போய்விடுமோ என்று அவருக்குப் பயம். மறுநாள் மதியத்துக்குள் முடிவு சொல்வதாக மேனேஜர் சொல்லிவிட்டார். சட்டிபானையை இப்போதே கட்டி வைக்கலாமா, வேண்டாமா... அதையே யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை. மழையில் தொப்பலாக நனைந்து, மோட்டார் சைக்கிளில் வந்து லயத்து முன்னால் நின்றார் நானா. யாரும் கூப்பிடவில்லை.

"தங்கச்சி, வருசா வருசம் பெயிண்ட் அடிக்கிறதா தம்பி நேத்துச் சொன்னாரே... பழசச் சொரண்டிட்டு அடிப்பாரா, மேலயே அடிப்பாரா?"

"அவரு எங்க சொரண்டுறாரு! சாமிக்கு வச்சது, சொரண்டக் கூடாதுன்னு மேலமேலதான் பூசுவாரு நானா."

"அப்ப வா."

ஆபீஸில் மேனேஜர் முன்னாலேயே பிளேடை எடுத்து மிஷினின் ஒரு மூலையைச் சுரண்டினார். பச்சைக்குக் கீழே சிவப்பு. சிவப்புக்குக் கீழே நீலம். இடையில் குங்குமம் ஒட்டிக் காய்ந்து கிடந்தது. சுரண்டச் சுரண்ட மஞ்சள், மறுபடி சிவப்பு... கடைசியில்தான் கம்பெனி அடித்த நிறம் வந்தது.

"ஆயுத பூசைக்கு வருசத்துக்கு ஒரு பூச்சு தொரை. நீங்க வாங்குனது போன வருசம். அதுல இத்தன பூச்சு எப்படி வரும்?"

மேனேஜர் மிஷினை இவர் பக்கம் தள்ளி எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். ஸ்டோர் மிஷின் கடைசிவரை கிடைக்கவில்லை.

வெளியே வந்ததும் இவர் ஆசையாக, என்ன விலை போகும் நானா என்று கேட்டார். மனுஷனுக்கு அப்போதும் அதுதான் கவலை!

"அசல் தொரைமாரு காலத்து மிஷின் தம்பி. கம்பெனி பெயிண்ட்டோட இருந்தா, பழைய மிஷின் சேக்குறவங்க தேடி வருவாங்க. பெயிண்ட்டா அடிச்சுக் கெடுத்து வச்சிருக்கீங்களே. இப்ப பழைய இரும்புக்குத்தான் லாயக்கு."

இவர் முகம் தொங்கிப்போனது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதேன்.

அதற்குப் பிறகு சந்தையில் எங்கே பார்த்தாலும் நானா அதையேதான் சொல்வார். "மொத நாளே வாயத் தெறந்திருக்கணும் தங்கச்சி. பயந்துட்டேன்." விடுங்க நானா என்றாலும் விடமாட்டார். போன வருஷம் ஆஸ்பத்திரியில் பார்த்தபோதும் அதே பேச்சு...

அடக்கம் சாயங்காலமாம். நாங்கள் இரண்டு பேரும் தாப்பா தாண்டி மலை ஏறிவிட்டோம். ரிங்லெட்டில் ஜாம். அடக்கத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

நானா... எங்களுக்கு அந்த இரண்டாவது நாள் போதும். பயப்படாமல் போய் வாருங்கள்.