பசை போட்டு மறைத்த தட்டுகள்

மதியழகன் தன் இசைத்தட்டுகளையெல்லாம் விற்றுவிட்டார் என்ற செய்தி, மாரண்டஹள்ளி பேருந்து நிலையத்து டீக்கடையில்தான் நவநீதன் காதில் விழுந்தது. வாங்கியவர் ஓசூர்க்காரர், பெயர் சந்திரமோகன். ஒவ்வொரு தட்டையும் கைக்குழந்தையைப் போல் தூக்கினாராம். மதியழகனைப் பெட்டியோடு நிற்கவைத்துப் படமும் எடுத்தாராம். நவநீதன் பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

நவநீதனுக்கு வயது அறுபத்துநாலு. இப்போது தக்காளி விவசாயம். ஆனால் இருபத்திரண்டு வயதில் சொந்தமாக மைக் செட் வைத்தவர். அதே வருடம் எதிர்ப்பக்கம் மதியழகனும் ஒரு செட் வைத்தார். கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் ஒருவரைக் கூப்பிட்டால் மாப்பிள்ளை வீட்டார் மற்றவரைக் கூப்பிடுவார்கள். நவநீதன் பெங்களூர் போய்ப் புதுத் தட்டு வாங்கிவந்தால், மதியழகனின் ஆள் பந்தலுக்குள் எட்டிப்பார்த்து லேபிளைப் படித்துக்கொண்டு போவான். அடுத்த வாரம் அதே பாட்டு எதிராளியின் குழாய் ஸ்பீக்கரில் அலறும். நவநீதன் மைதாப் பசை காய்ச்சினார். நானூற்றுச் சொச்சம் தட்டுகளின் லேபிள் மேலும் பழுப்புக் காகிதம் ஒட்டி, எண் மட்டும் போட்டார். எந்த எண்ணில் எந்தப் பாட்டு என்பது அவர் தலைக்குள் மட்டுமே இருந்தது.

கேசட் வந்தது, தட்டுகள் கட்டிலுக்கு அடியில் போயின. இன்று அவரே குனிந்து டிரங்குப் பெட்டியை இழுத்தபோது மனைவி சுகுணா கதவோரம் நின்று பார்த்தார்.

"இத்தன வருசம் விக்கணும்னு ஒரு வார்த்த சொன்னதில்ல. இன்னிக்கு என்னாங்க வந்துச்சு?"

"எடத்த அடைக்குது."

"எடம் அப்பிடியேதான் கெடக்குது. அவரப் போட்டோ எடுத்தது உங்களுக்குப் பொறுக்கல."

நவநீதன் சொல்லியனுப்ப, ஞாயிற்றுக்கிழமை சந்திரமோகன் வந்தார். முதல் தட்டை எடுத்தார், திருப்பினார், அடுத்ததை எடுத்தார்.

"சார், லேபிள் எங்க?"

"காகிதத்துக்கு அடியில இருக்குதுங்க."

"சேத்து வெக்கறவங்க இப்பிடி வாங்க மாட்டாங்க சார். ஓட்டல் செவுத்துல அழகுக்கு மாட்டறவங்க வேணா எடுப்பாங்க. கேட்டுப் பாக்கட்டுமா?"

"மதியழகனோடதும் ஓட்டலுக்கா?"

"அது என் வீட்டு அலமாரில இருக்கு சார். கண்ணாடிக் கதவு போட்டு வெச்சிருக்கேன்."

அந்தக் கண்ணாடிக் கதவு நவநீதனின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஒரு வாரம் தவணை கேட்டார்.

வழி சொன்னது சுகுணாதான். சுவரில் ஒட்டிய பழைய காலண்டர் படத்தை ஈரத்துணி வைத்து எடுத்த அனுபவம். காகிதத்தின் மேல் துணியை விரித்து, ஊறவிட்டு, நகத்தால் மெல்ல நெம்பினார். லேபிள் சேதமில்லாமல் வெளியே வந்தது. மூன்றாம் நாள் பாதிப் பெட்டி முடிந்திருந்தது. ஒன்றாம் எண் தட்டை மட்டும் நவநீதன் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டே இருந்தார். சுகுணா அதை எடுத்து உரித்தார். லேபிளில் பச்சைப் பெயிண்டால் 'ம' என்று எழுதியிருந்தது.

"இது யாரோடது?"

நவநீதன் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னார். எண்பத்தாறில் பாலக்கோட்டில் ஒரு கல்யாணம். சாமான் ஏற்றும்போது மதியழகனின் தட்டு ஒன்று இவர் பெட்டியில் கலந்துவிட்டது. மூன்று முறை பெங்களூர் போய்த் தேடியும் இவருக்குக் கிடைக்காத பாட்டு. திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. முதலில் காகிதம் ஒட்டியது இதன் மேல்தான். ஒன்று மட்டும் மூடியிருந்தால் சந்தேகம் வரும் என்றுதான் மற்ற நானூறையும் மூடினார். வேவு பார்க்க ஆள் வருகிறான் என்பது ஊருக்காக இவர் சொன்ன காரணம்.

"கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க."

"இதையும் அந்தக் கண்ணாடி அலமாரிக்குக் குடுத்துருவான்."

"குடுக்கட்டும். அவரோடதுதான?"

நவநீதன் போனபோது மதியழகன் தன் வீட்டு வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தட்டை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"மூணாவது அடியில துள்ளுமே, அதான?"

"உனக்குத் தெரியுமா?"

"அப்பவே தெரியும்ப்பா. பஞ்சப்பள்ளித் திருவிழாவுல நீ போட்ட. நான் கரும்புக் காட்டுல நின்னு கேட்டேன். அந்தக் கீறல் என் ஊசி போட்டது."

"அப்பறம் ஏன் வந்து கேக்கல?"

மதியழகன் தட்டைத் துண்டால் துடைத்தார். "என் குழாயவிட உன் குழாய்ல நல்லா கேட்டுச்சு. வயிறு எரிஞ்சுது. வந்து கேட்டா அத நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

"எவ்ளோ நல்லா?"

"போதும், போய்யா."

அடுத்த ஞாயிறு நவநீதனின் தட்டுகள் லேபிளோடு ஓசூர் போயின. அவரும் பெட்டியோடு நின்று படம் எடுத்துக்கொண்டார், ஒன்றுக்கு நாலாக. ஆனால் ரெக்கார்டு பிளேயரை மட்டும் கொடுக்கவில்லை. மதியழகன் தன் பிளேயரையும் சேர்த்து விற்றுவிட்டார் என்பது தட்டைக் கொடுக்கப் போன அன்றைக்கே அந்த வாசலில் நவநீதனுக்குத் தெரிந்துபோயிருந்தது. தட்டு அவரிடம், ஊசி இவரிடம்.

இப்போது வாரம் தவறாமல் மதியழகன் மஞ்சப்பையில் அந்த ஒற்றைத் தட்டோடு வருகிறார். பாட்டு ஓடுகிறது. மூன்றாவது அடியில் துள்ளுகிறது. சுகுணா டீ கொடுக்கிறார். முடிந்ததும் மதியழகன் தட்டைத் துடைத்துப் பைக்குள் வைக்கிறார்.

"ஒவ்வொரு தடவையும் எதுக்குத் தூக்கிட்டு அலையற? இங்கயே வெச்சுட்டுப் போயேன்" என்பார் நவநீதன்.

"எதுக்கு, பசை காய்ச்சவா?"

மஞ்சப்பை தெருமுனை திரும்பும்வரை நவநீதன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.