இரவல் நட்சத்திரம்

தோற்றவனைப் பார்த்து அதிர்ஷ்டசாலி என்று சொல்லும் விளையாட்டு வேறு ஏதாவது உண்டா என்று எனக்குத் தெரியாது. போன தை மாதம் ஒரு திங்கட்கிழமை, தம்பி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே வரி போட்டான்: "நான்தான் முதல் லக்கி லூசர்." முதல், லக்கி இரண்டையும் மட்டும் படித்துவிட்டு மாமா பூங்கொத்துப் படம் அனுப்பினார். மூன்றாவது சொல்லும் கண்ணில் பட்டதும் சத்தமில்லாமல் அதை அழித்துவிட்டார்.

தம்பிக்கு டென்னிஸ்தான் பிழைப்பு. அப்பா வேலை பார்த்த நூல் மில் குவார்ட்டர்ஸில் ஒரு சிமெண்ட் கோர்ட் உண்டு. ஆபீசர்கள் வெயில் தாழ்ந்துதான் வருவார்கள். உச்சிப்பொழுது முழுக்க அது இவனுக்கு. அருப்புக்கோட்டை வெயிலில் விளைந்த ஆட்டம் அது. எதிராளியை ஓங்கி அடித்து ஜெயிக்க மாட்டான். பந்தைத் திருப்பித் திருப்பிப் போட்டே அவனுக்கு நாக்குத் தள்ள வைப்பான். வெயிலும் காற்றும் எப்போதும் இவன் கட்சி. இந்தப் போட்டியோ ஐரோப்பாவில், குளிரான ஓர் ஊரில், கூரைக்குள் நடந்தது. அங்கே வெயிலும் கிடையாது, காற்றும் கிடையாது, பந்து சறுக்கிக்கொண்டு வரும் என்று சொன்னான். தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றும் விட்டான். "கூரைக்குள்ள ஆடுறதுன்னா கேரம் போர்டா?" என்று எங்கள் தெருக்காரர் ஒருவர் கேட்டார். எனக்கிருந்த எரிச்சலில் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

லக்கி லூசர் விஷயம் இதுதான். பெரிய சுற்றில் ஆட வேண்டிய ஒருவர் காயத்தாலோ காய்ச்சலாலோ விலகிவிட்டால், தகுதிச் சுற்றில் தோற்றவர்களின் வரிசையில் முதலில் இருப்பவனை அந்த இடத்தில் இறக்குவார்கள். அதற்கு அவன் காலையிலேயே போய்க் கையெழுத்துப் போட்டு, ஷூ மாட்டி, மட்டைப் பையோடு காத்திருக்க வேண்டும். முதல் சுற்றின் கடைசி ஆட்டம் தொடங்கும் வரைக்கும் நம்பிக்கை உண்டு. தொடங்கிவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றும் இருந்தது. இந்தப் போட்டியில் உள்ளே போக முடியாவிட்டால் ஆட்டத்தையே விட்டுவிடப் போவதாக என்னிடம் சொல்லியிருந்தான். முப்பதை நெருங்குகிறான். ரேங்க் இறங்கிக்கொண்டே போகிறது. மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கோச் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். "அம்மாகிட்ட சொல்லிராதக்கா, முடிவு தெரியட்டும்" என்றான்.

மறுநாள் செவ்வாய். நான் பாடம் எடுக்கும் ஸ்கூலுக்கு லீவு போட்டேன். போட்டிருக்கக் கூடாது. போயிருந்தால் பிள்ளைகளைத் திட்டியாவது பொழுதைக் கழித்திருப்பேன். வீட்டில் போனை எடுப்பதும் ஸ்கோர் பக்கத்தைத் திறப்பதும் கீழே வைப்பதுமாக இருந்தேன். அரிசியைக் களைந்து வைத்துவிட்டு உலை வைக்க மறந்தேன். கழுவிக் கவிழ்த்த தட்டையே மறுபடி எடுத்துக் கழுவினேன். மத்தியானத்துக்கு மேல் அங்கே ஒவ்வோர் ஆட்டமாகத் தொடங்கியது. ஒருத்தனும் விலகவில்லை. உலகத்தில் இத்தனை ஆம்பளைகள் இவ்வளவு ஆரோக்கியமாக இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

வெயில் தாழ்கிற நேரத்தில் தம்பியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. பக்கத்தில் ஆள் இருப்பதுபோல ரகசியமாகப் பேசியிருந்தான். "அக்கா, கடைசி மேட்ச் ஆட வேண்டியவன் முட்டுல கட்டுப் போட்டிருக்கான். படியில எறங்கையில நொண்டுறான். அவன் முடியலன்னு சொல்லிட்டா அடுத்து நாந்தான்."

ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டது தப்பாகிவிட்டது. அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள்.

"யாருக்குடி முட்டு?"

விவரத்தைச் சொன்னேன்.

"அப்ப அந்தப் புள்ளைக்கு முடியாமப் போனாத்தான் நம்மாளுக்கு எடமா?"

"ஆமா."

"என்ன எழவு வெளாட்டுடி இது" என்றவள் உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். "கெளம்பு. திருச்சுழிக் கோயிலுக்குப் போயிட்டு வந்துருவோம்."

எனக்கும் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. மகனுக்கு வேண்டிக்கொள்ளத்தான் போகிறாள் என்று கூடவே கிளம்பினேன். பஸ் ஒவ்வோர் ஊர் விலக்கிலும் நின்று நின்று போனது. கருவேலங்காட்டுப் பக்கம் வந்ததும் சிக்னல் போய்விட்டது. போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்தேன். கண்டக்டர் திட்டினார். அம்மாவோ தன் முட்டியை நீவியபடி வந்தாள். அவளுக்கும் கொஞ்ச காலமாக முட்டுவலி. படியேறும்போது அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க முடியாது.

கோயில் வாசலில் இரண்டு அர்ச்சனைத் தட்டு வாங்கினாள். ஒன்று எனக்கோ என்று நினைத்தேன். சன்னதியில் முதல் தட்டுக்குத் தம்பி பெயரையும் பூரட்டாதி நட்சத்திரத்தையும் சொன்னாள். இரண்டாவது தட்டை நீட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"முட்டு வலிக்காரன் பேரு என்னடி?"

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் கோபம் தலைக்கேறியது. சாமி முன்னால் கத்த முடியாமல் பல்லைக் கடித்தேன். "அவனுக்கு எதுக்கும்மா?"

"வலிக்குதுல்ல? பேரச் சொல்லு."

பின்னால் ஆட்கள் நின்றார்கள். சொன்னேன். அந்தப் பெயர் அம்மா வாயில் பாதியாகி, குருக்கள் வாய்க்குப் போனபோது ஏறக்குறைய தமிழ்ப் பெயராகவே ஆகியிருந்தது.

"நட்சத்திரம்?" என்றார் குருக்கள்.

"போன்ல பாருடி, பொறந்த தேதி போட்டிருக்கும்ல."

"சிக்னல் இல்ல" என்றேன். கோயிலுக்குள் சிக்னல் நன்றாகவே இருந்தது.

"தெரியலைன்னா சாமி பேருக்கே பண்ணிடலாம்மா" என்றார் குருக்கள்.

"சாமிக்கா சாமி முட்டு வலிக்குது?" என்றாள் அம்மா. ஒரு கணம் யோசித்தாள். "எம்மவன் நட்சத்திரத்தையே சொல்லுங்க. பூரட்டாதி. ரெண்டு பேரும் நல்லா இருக்கட்டும்."

அவர் சொன்னார். என் தம்பியின் நட்சத்திரத்தை எவனோ ஒருவனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள் அம்மா. திருநீற்றைக்கூட வாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.

ஸ்கோர் பக்கத்தைத் திறந்தேன். கடைசி ஆட்டம் தொடங்கியிருந்தது. அந்த முட்டுவலிக்காரன் முதல் கேமை ஜெயித்திருந்தான். தொடங்காத ஆட்டமாகக் காட்டிவிடாதா என்று மூடிமூடித் திறந்தேன். அதற்குள் தம்பியே கூப்பிட்டான்.

"ஓடுறான்க்கா. நல்லாவே ஓடுறான்."

அம்மா வந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அய்யா, அந்தப் புள்ளைக்கு முட்டு எப்படி இருக்கு?"

"சரியாயிருச்சும்மா" என்றது ஸ்பீக்கர்.

"அப்படியா! இப்பத்தான்யா அவன் பேருல அர்ச்சனை பண்ணிட்டு வாரேன்." அவள் முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்து நாளாகியிருந்தது. "நீ சாப்பிட்டியா?"

"சாப்பிடுறேன்மா." "நான் ஊருக்கு வாரேம்மா" என்றான்.

"எத்தன நாளு லீவு?"

"லீவு இல்லம்மா. இனிமே ஆடல. மதுரையில வேல பாக்கப் போறேன். இதுல எடம் கெடைக்கலன்னா விட்ருறதுன்னு முன்னமே முடிவு பண்ணிட்டேன்." குரல் உடைவதற்குள் வைத்துவிட்டான்.

அம்மா போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பொறுத்தது போதும் என்று ஆரம்பித்தேன். "போதுமா? ஊரான் வீட்டுப் பிள்ளைக்கு அர்ச்சனை பண்ணுனியே, திருப்தியா?" ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அவள் பஸ் ஸ்டாப்பில் சிமெண்டுக் கட்டையில் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

"இதுதான் அவனுக்குக் கடைசின்னு என்கிட்ட ஏன்டி சொல்லல?" என்றாள்.

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப? அவன் காலு ஒடியணும்னு கும்பிட்டிருப்பியா?"

அருப்புக்கோட்டை பஸ் ஒன்று வந்து நின்றது. இரண்டு பேருமே ஏறவில்லை. அது கிளம்பிப் போனது.

"அதெப்படிடி கும்பிடுவேன்" என்றாள். "சும்மா இருந்திருப்பேன்."