எழுபது மில்லி

முனீஸ்வரி பேனாவின் பின்புறத்தால் வலது சுட்டுவிரலின் அடிக்கணுவில் தட்டினாள். சுரீரென்று விரல் முழுக்க ஓடியது. ஒரு நூலளவு மேலே தட்டினாள். ஒன்றுமில்லை. கீழே இறங்கித் தட்டினாள். மறுபடியும் சுரீர். வேலைக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் நகர்ந்து உட்கார்ந்தாள்.

அவள் கப்பலூர் மோட்டார் கம்பெனியில் பதினோரு வருடமாகச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிறவள். எனாமல் பூசிய கம்பியில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் அவள் விரலுக்குத் தெரியும். கீறல் விழுந்த கம்பி உள்ளே போனால் மோட்டார் எரிந்துவிடும். நாலு மாதத்துக்கு முன் கோச்சடை வீட்டில் ஜன்னல் கண்ணாடி உடைந்து வலது மணிக்கட்டில் இறங்கியது. நரம்பைத் தைத்தார்கள். கட்டைவிரலும் சுட்டுவிரலும் மரத்தே கிடந்தன.

மூன்றாவது வாரமே, தைத்த டாக்டர் ஆஷிகாவிடம் போய்ச் சண்டை பிடித்தாள்.

"ஜாயிண்டு சரியில்ல மேடம். பிரிச்சுத் திரும்பப் போடுங்க. நான் அறுந்த கம்பிய சோல்டர் வச்சு ஒட்டுனா அப்பவே கரண்டு சப்ளை வந்துரும்."

டாக்டர் சிரித்துவிட்டார். "இது கம்பி இல்லம்மா, உயிரு. நரம்போட செல்லு கழுத்துக்கிட்ட, தண்டுவடத்துக்குப் பக்கத்துல இருக்கு. அதோட வாலுதான் விரல் நுனி வரைக்கும் வருது. அறுந்ததுக்கு அந்தப் பக்கம் இருந்த வாலு செத்துப்போச்சு. உறை மட்டும் இருக்கு. புது வாலு அதுக்குள்ள வளந்து வரணும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும்."

"அம்புட்டுத்தானா?"

தட்டினால் சுரீர் என்கிற இடம்தான் வாலின் முனை என்றார். அன்றிலிருந்து தட்டுகிறாள். சோறு வடிக்கும்போது, படுக்கையில், பஸ்ஸில். ஞாயிறுதோறும் அந்த இடத்தில் பேனாவால் புள்ளி வைக்கிறாள்.

இன்று திங்கள். விரலால் தடவிக் கீறலைக் கண்டுபிடித்தால் பழைய காயில் மேசை அவளுக்கு, இல்லையென்றால் வேறு ஆளுக்கு என்று சூப்பர்வைசர் சிராஜ் சொல்லியிருந்தான். மூன்று கம்பிகளை நீட்டினான். ஒன்றில் பிளேடால் கீறியிருந்தான்.

"ஜன்னலப் பாத்துக்கிட்டே சொல்லுங்கக்கா."

மூன்றும் விரல்களுக்கிடையே வெறுமையாக ஓடின. திரும்பவும் இழுத்தாள். சட்டென்று ஒவ்வொன்றாகக் கீழ் உதட்டில் வைத்து இழுத்தாள்.

"ரெண்டாவது. நடுவுல."

"கம்பிய ருசி பாக்குறீகளாக்கா?"

"விரலுக்கு வார நரம்புதான் இன்னும் பாதி வழியில நிக்குது தம்பி. உதட்டுக்குப் போறது வேற நரம்பு. மூளையிலேருந்தே வருதாம்."

"ஒரு மோட்டாருக்கு ஆயிரம் சுத்து. அம்புட்டுக்கும் முத்தம் குடுப்பீகளா?"

மற்ற மேசைகளில் சிரித்தார்கள். முனீஸ்வரி கம்பிகளைச் சிராஜிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இன்னும் எம்புட்டுக்கா?"

மேசையிலிருந்த ஸ்கேலை அடிக்கணுவிலிருந்து விரல் நுனி வரை வைத்துக் காட்டினாள். "எழுபது மில்லி. எழுபது நாளு."

சிராஜ் ஸ்கேலைப் பார்த்தான். "அதுவரைக்கும், சுத்துன காயில நூல் வச்சுக் கட்டுற செக்‌ஷன்ல இருங்க. முடிஞ்சதும் இதே கம்பி. உதடு கிடையாது. தெரிஞ்சா மேசை ஒங்களுக்கு."

மறுநாள் செவ்வாய். முனீஸ்வரி ஏழரைக்கு உள்ளே போனாள். அவள் மேசையில் திருமங்கலத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். முனீஸ்வரி இடது கையால் நூலை இழுத்து, பதினெட்டு மோட்டார்களைக் கட்டினாள். மதியம் புளிச்சோறு. விரலைத் தட்டிப் பார்த்தாள். நேற்றுச் சுரீரென்ற அதே இடம்; இன்னும் அறுபத்தொன்பது நாள். ஐந்தரை பஸ்ஸில் உட்கார இடம் இல்லை.