செம்பூர் கேரவனுக்குள் ஒரு மத்தியானம்

இது ராத்திரி நடந்தது அல்ல. மண்டையைப் பிளக்கிற மே மாத வெயிலில், பம்பாய் செம்பூரில் நடந்தது. வருஷம் 1987. தாராவியில் முகைதீனின் பேட்டரிக் கடை இன்னும் இருக்கிறது. போய்க் கேட்டால் மறுக்க மாட்டார். ஆனால் முழுசாகவும் சொல்ல மாட்டார். அதற்குக் காரணம் பேய் இல்லை.

வேலையைக் கொண்டுவந்தவன் கரீம் பாட்சா. முகைதீனின் தங்கை சுலைகாவைக் கட்டியவன். ஷூட்டிங்குக்கு வண்டி வாடகைக்கு விடும் ஒரு சேட்டிடம் மேனேஜராக இருந்தான். ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற கேரவன் ஒன்று சேட்டிடம் இருந்தது. உள்ளே கட்டில், ஃபேன், லைட்டு எல்லாம் உண்டு. கூரையில், அந்தக் காலத்தில் அபூர்வமான, வெயிலிலிருந்து கரண்ட் எடுக்கிற சோலார் தகடு.

"ரெண்டு பேட்டரிதான் கெடக்கு, மச்சான். ஃபேன் ராத்திரி பூரா ஓட மாட்டேங்கு. இன்னும் நாலு சேத்துக் குடுங்க."

"பழசோட புதுச மாட்டுனா, பழசு புதுசையும் கெடுத்துரும் மாப்ள."

"பழசில்ல. போன கோடையிலதான் போட்டது."

யார் போட்டார்கள் என்று முகைதீன் கேட்கவில்லை. தங்கை புருஷன் சொன்னால் சரிதான்.

செம்பூர் திலக் நகர் பக்கம் ஒரு சரக்குக் கோடவுனை ஒட்டி கேரவன் நின்றது. கரீம் நாலு பேட்டரியையும் வாசல்வரை தூக்கிக் கொடுத்தான். உள்ளே ஏறவில்லை. "டீ குடிச்சிட்டு வாரேன்" என்று போய்விட்டான். அது முகைதீனுக்குக் கொஞ்சம் விசித்திரமாகப் பட்டது. கரீம் வேலையைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறவன்.

உள்ளே அனல். கட்டிலுக்கு அடியில் பேட்டரிப் பெட்டி. அதன் பின்பக்கம், வெளியிலிருந்து தண்ணீர் ஊற்ற ஒரு சின்னக் கதவு. முகைதீன் படுத்துக்கொண்டே ஆறு பேட்டரியையும் ஒன்றோடொன்று இணைத்தார். லைட்டு, ஃபேன் எல்லாம் நிறுத்தியிருந்தது. ஆனால் பெட்டி மேலிருந்த மீட்டரின் முள், கரண்ட் செலவாவதைக் காட்டும் இடதுபக்கம் சாய்ந்தது.

உள்ளே யாரோ கரண்ட் இழுக்கிறார்கள்.

ஃபேன் வயரைக் கழற்றினார். முள் திரும்பவில்லை. லைட்டு வயரையும், கூரைத் தகட்டு வயரையும் கழற்றினார். முள் இன்னும் சாய்ந்தது...

டக். டக். டக்.

சின்னக் கதவில் தட்டல்.

"தண்ணி..."

கரீம் பேட்டரிக்குத் தண்ணீர் கேட்கிறான் என்று நினைத்தார். கதவைத் தள்ளி, பேட்டரித் தண்ணீர் கேனை நீட்டினார். ஒரு கை வாங்கியது. விரல் பட்டது. காய்ச்சல்காரன் விரல்போல் கொதித்தது.

மடக்... மடக்... மடக்...

"மாப்ள, அது பேட்டரித் தண்ணி. குடிக்காதே."



கேன் திரும்பி வந்தது. காலி.

முகைதீன் வாசல் வழியாக இறங்கினார். கரீம் தெருவுக்கு அந்தப் பக்கம், டீக்கடை பெஞ்சில்.

கேரவனைச் சுற்றி ஓடினார்.

சின்னக் கதவு இருக்கிற பக்கம்... கோடவுன் சுவர். இடைவெளி நாலு விரல்.

ஆள் நிற்க முடியாது. கேன் நுழையாது.

தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

கோடவுன் வாட்ச்மேன் நாணு அவர் முகத்தைப் பார்த்தான். "கரீம் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா? முதல்ல பேட்டரி போட வந்த ஆள், பூலோகம்னு பேரு, போன கோடையில இதுக்குள்ளதான் வெந்து செத்தான். கதவு வெளியே பூட்டியிருந்தது. சாயங்காலந்தான் திறந்தாங்க."

"பூட்டுனது யாரு?"

நாணு டீக்கடைப் பக்கம் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

முகைதீன் சாமான்களை எடுக்கவில்லை. நேரே டீக்கடைக்குப் போய் கரீம் முன்னால் நின்றார்.

"எங்கிட்ட ஏன் மறைச்ச?"

"தெரிஞ்சா வந்திருப்பீங்களா, மச்சான்?"

"தங்கச்சி புருஷன்னு நம்பி வந்தேன்."

கரீம் கிளாஸைக் கீழே வைத்தான். குரல் தாழ்ந்தது.

"ஒங்ககிட்டயும் தண்ணி கேட்டானா?"

முகைதீன் தண்ணீரைப் பற்றி ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. நாணுவும் சொல்லவில்லை.

பூலோகம் கரீமிடம் தண்ணீர் கேட்டது செத்த பிறகா... பூட்டிய கதவுக்குள் உயிரோடு இருந்தபோதா?

முகைதீன் அதைக் கேட்கவில்லை. தங்கை சுலைகா அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி.