தோள் அளவு

நம்ப முடியாவிட்டால் நம்ப வேண்டாம். ஆனால் இது இருட்டில் கண்ட மயக்கம் இல்லை. பட்டப்பகலில், காவல் நிலையத்துக்குள், இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்றபோது எனக்கு நடந்தது.

நான் தையல் மெஷின் மெக்கானிக். எங்கள் கடைத்தெருவில், மாடியில், ஒரு பெண் தையல் கடை வைத்திருந்தாள். கழுத்தில் எந்நேரமும் மஞ்சள் இன்ச் டேப் தொங்கும். ஆளைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவாள். "அண்ணே, உங்களுக்குத் தோள் பதினேழு. பட்டினி கிடந்தாலும் தோள் மாறாது, தொப்பைதான் மாறும்" என்று என்னைக் கிண்டல் செய்வாள்.

அவளுடைய மெஷின் என் பட்டறையில் பிரித்துப் போட்டபடி கிடந்தது. உள்ளே பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்திருந்தது. சக்கரம் சுற்றும்போது அந்த இடம் வந்தால் பிடிப்பு விட்டுப்போகும். அதனால் ஓட்டம் நொண்டும். புதுச் சக்கரம் கிடைக்கத் தாமதமாகும் என்று சொல்ல அன்று மாடி ஏறினேன். எதிரே ஒருவன் என்னை இடித்துக்கொண்டு விருட்டென்று இறங்கினான், முகத்தைக் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். முதுகு மட்டும்தான் தெரிந்தது. அகலமான தோள். இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

மேலே அவள் தரையில் கிடந்தாள். அந்த டேப் கழுத்தை இறுக்கியிருந்தது.

புகார் கொடுத்தவன் நான்தான். போலீஸார் டேப்பை உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்தார்கள். அவளைப் பிரிந்து வாழ்ந்த கணவனைப் பிடித்தார்கள். அவனுக்கும் அகலத் தோள். வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்றான், சாட்சி இல்லை. என் ஒரு சொல்லில் அவன் சிறைக்குப் போவான், அல்லது கொலைகாரன் தப்பிப் போவான்.

அடையாள அணிவகுப்பு நடக்கும் முறை புரிந்தால்தான் மற்றதும் புரியும். சந்தேகப்படும் ஆளைத் தனியாக நிறுத்திக் காட்டினால், சாட்சி 'இவன்தான்' என்று சொல்லிவிடக்கூடும். அதனால், சாட்சி சொன்ன அங்க அடையாளத்துக்குப் பொருந்துகிற வேறு ஆட்களைத் தெருவில் தேடிக் கூட்டிவந்து, அவனோடு கலந்து நிறுத்துவார்கள். ஆளுக்கொரு எண். நடுவே கண்ணாடி. அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. அவர்கள் பக்கம் பளிச்சென்று விளக்கு, நம் பக்கம் மங்கல். வெளிச்சம் உள்ள பக்கம்தான் கண்ணுக்குத் தெரியும். அந்த விளக்கு மங்கினால், கண்ணாடி நம்மையே காட்டும்.

நான் பார்த்தது முதுகு என்பதால், ஆறு பேரையும் முதுகைக் காட்டி நிற்க வைத்தார்கள்.

"நிதானமா பாத்துச் சொல்லுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

எல்லா முதுகும் ஒன்றுபோல இருந்தன.

டக டக டக... டக்.

"சார், பக்கத்துல யாராவது தைக்கிறாங்களா?"

"ஸ்டேஷன்ல எவன்யா தைப்பான்? முன்னாடி பாருங்க."

டக டக டக... டக்.

அந்த நொண்டல் எனக்குத் தெரியும். அந்த மெஷின் என் பட்டறையில்... துண்டு துண்டாக...

எதிர்ப் பக்கம் விளக்கு மங்கியது.

கண்ணாடியில் நான். இன்ஸ்பெக்டர்.

நடுவில்... மஞ்சள் டேப்.

சட்டென்று திரும்பினேன். யாரும் இல்லை.

விளக்கு பளிச்சென்று வந்தது.

அவள் அந்தப் பக்கம் நின்றாள்.

ஐந்தாம் எண்ணுக்குப் பின்னால். டேப்பை விரித்தாள். வலது தோளில் ஒரு விரல். இடது தோளில் ஒரு விரல்.

டேப் இடப்பக்கம் சரிந்தது.

"அஞ்சு..."

"என்னது?"

"அஞ்சு சார். அவன்தான்."

இன்ஸ்பெக்டர் முகம் சுண்டிப்போனது. "புருஷன் ரெண்டாம் நம்பர்யா. அஞ்சாவது ஆளு நாங்க தெருவுல கூட்டிட்டு வந்தவன். கேஸையே கெடுத்துட்டீங்களே!"

வந்த ஆட்களுக்கு நன்றி சொல்லி அனுப்பினார்கள். "ஏம்ப்பா, உன்னைத்தான் கை காட்டினாங்க," என்று ஐந்தாமவனிடம், அவனைக் கூட்டி வந்த கான்ஸ்டபிள் சிரித்திருக்கிறார். அவன் ஓடினான். வாசலிலேயே மடக்கிவிட்டார்கள். கடைக் கதவில் பதிந்திருந்த கைரேகை அவனுடையது.

பொருத்தமான ஆளைத் தேடப் போய், கொலைகாரனையே கூட்டி வந்திருக்கிறார்கள். போலீஸ் கூப்பிட்டு மறுத்தால் சந்தேகம் வருமே என்று அவனும் வந்து நின்றிருக்கிறான். கணவன் விடுதலையானான். நான் கண்டதை யாரிடமும் சொல்லவில்லை. மனம் குழம்பியவன் கண்ணுக்கு என்னென்னவோ தெரியும், மற்றதெல்லாம் தற்செயல் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அந்த மெஷினை மட்டும் இன்றுவரை மறுபடி சேர்த்துப் பூட்ட மனம் வரவில்லை.

பிறகு நீதிமன்ற வராந்தாவில் அந்தக் கான்ஸ்டபிளைப் பார்த்தேன். கொலை நடந்த பிறகு மாற்றலாகி வந்தவர். அவளை அவர் பார்த்ததே இல்லை.

"அவனை எப்படி சார் புடிச்சீங்க?"

"நான் எங்க புடிச்சேன்? அணிவகுப்புக்கு ஒரு ஆள் குறைஞ்சுது. கடைத்தெருவுல முழிச்சுக்கிட்டு நின்னேன். ஒரு பொம்பள வந்து அவனைக் காட்டிச்சு. தையக்காரி போல... கழுத்துல மஞ்சள் டேப்."

"என்ன... சொல்லிச்சு?"

"'அந்த ஆளைக் கூட்டிட்டுப் போங்க சார். தோள் அளவு சரியா இருக்கும்'னு."